ஒருவரை ‘அறிவியல் விரோதி’ என்று எப்போது சொல்லலாம்?

டர்பனை அடுத்த ஃபீனிக்ஸிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். 2021-ல் நம் தென்னாப்பிரிக்க அரசு ஒரு கொரோனா தடுப்பூசியைக் கொண்டுவந்து இறக்கியது. யாருக்கும் போடுவதற்கு முன்பே அதை நிறுத்திவிட்டு வேறொன்றைக் கொடுத்தது. “முதல் ஊசியில் அப்படி என்ன குறை?” என்று அவர் கோயில் மண்டபத்தில் கேட்டாராம். அங்கிருந்த உறவுக்கார டாக்டர் ஒருவர் எல்லோர் முன்னாலும், “இவர் அறிவியல் விரோதி, இவரிடம் பேசிப் பயனில்லை” என்று சொல்லிவிட்டார். பெயர் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் காவடிக்குப் போனால் அதைச் சொல்லித்தான் கிண்டல். அந்தப் பெயருக்கு ஏதாவது வரையறை உண்டா, இல்லை வெறும் வசவுதானா? எந்த இடத்தில் ஒருவர் அப்படி ஆகிறார்? அப்படிப்பட்டவர்களைக் கோயில் மேடையில் பேசவிடக் கூடாது என்று கமிட்டியில் சிலர் சொல்கிறார்களே, அது சரியா? ஊசிக்கு எதிரான வீடியோ ஒன்றைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தானும் ஒருமுறை அனுப்பியதை அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அந்த நேர்மைக்காகவே விரிவாகப் பதில் சொல்லத் தோன்றுகிறது.

மூன்று கேள்விகளாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். சந்தேகப்படுகிறவருக்கும் அறிவியலை மறுக்கிறவருக்கும் நடுவே கோடு எங்கே, அதைப் போடும் உரிமை யாருக்கு? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவர் என்ன கேட்டார் என்பதை வைத்து அந்தப் பெயரைச் சூட்ட முடியாது. எந்த முடிவுக்கு வந்தார் என்பதை வைத்தும் முடியாது. பதில் கிடைத்த பிறகு என்ன செய்தார், எவ்வளவு காலம் செய்தார், கையில் என்ன அதிகாரம் இருந்தது என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். அப்படிப் பார்த்தால் மண்டபத்தில் நீங்கள் கேட்டது அதில் சேராது. வீடியோ சமாச்சாரம் வேறு, அதற்கு அப்புறம் வருகிறேன்.

நான் டர்பன் வட்டாரத்தில் ஓர் அரசு மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எச்ஐவிக்கு மருந்து இல்லாத காலம், வந்த காலம் இரண்டையும் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு உள்பக்கம் நின்று பார்த்திருக்கிறேன். மருந்துச் சோதனை அறிக்கைகளைப் படித்து, வரிசையில் நிற்பவருக்குப் புரியும்படி சொல்வது என் வேலையில் ஒரு பகுதி. வைரஸ் ஆராய்ச்சி என் துறை இல்லை. தத்துவமும் முறையாகப் படித்தவளில்லை. அதனால் அறிவியல் என்றால் என்ன என்ற பெரிய விவாதத்துக்குள் நான் போகப்போவதில்லை.

முதலில் உங்கள் ஊசிக் கேள்விக்கே வருவோம். டாக்டர் சொல்லியிருக்க வேண்டிய பதில் ஒன்று இருக்கிறது. 2021 பிப்ரவரி 1 அன்று இந்தியாவின் சீரம் இன்ஸ்டிடியூட்டிலிருந்து அஸ்ட்ராஜெனகா ஊசி 10 லட்சம் டோஸ் வந்து இறங்கியது. 7-ஆம் தேதியே அதை நிறுத்திவைப்பதாக அறிவித்தார்கள். காரணம், நம் நாட்டிலேயே சுமார் 2,000 பேரிடம் நடந்த ஒரு சோதனை. அதில் கணக்கில் எடுத்துக்கொண்டவர்களில் ஊசி போட்டவர்கள் 750 பேர், அவர்களில் 19 பேருக்கு நோய் வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்கள் 717 பேர், அவர்களில் 23 பேருக்கு வந்தது. இங்கே கொஞ்சம் நின்று பாருங்கள். இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் நாலே பேர். நோய் வந்த 42 பேரில் 39 பேருக்கு வந்தது அப்போது இங்கே பரவிக்கொண்டிருந்த பீட்டா வகை. அந்த வகைக்கு எதிராக ஊசியின் பாதுகாப்பு 10.4 சதவீதம் என்று கணக்கு வந்தது. ஆனால் ஆள் எண்ணிக்கை குறைவு என்பதால் அந்த 10.4-ஐச் சுற்றிய பிழை இடைவெளி மிகப் பெரியது. ஒரு முனையில் பலன் பூஜ்யத்துக்கும் கீழே, மறுமுனையில் 50 சதவீதத்துக்கும் மேலே.

இன்னொன்று. அந்த 42 பேருக்கும் வந்தது லேசான, நடுத்தர நோய்தான். பெரும்பாலும் இளவயதுக்காரர்கள், யாரும் ஆஸ்பத்திரியில் படுக்கும் அளவுக்குப் போகவில்லை. ஆகவே கடுமையான நோயையும் சாவையும் ஊசி தடுக்குமா என்ற கேள்விக்கு அந்தச் சோதனையால் பதில் சொல்லவே முடியாது. உலக சுகாதார நிறுவனம், பீட்டா இருக்கும் நாடுகளிலும் இந்த ஊசியைப் பயன்படுத்தலாம் என்றது. நம் அரசு நிறுத்தியது. பிப்ரவரி 17 முதல் சுகாதாரப் பணியாளர்களுக்கு ஜான்சன் அண்ட் ஜான்சன் ஊசி போட ஆரம்பித்தார்கள். அஸ்ட்ராஜெனகா டோஸ்கள் ஆப்பிரிக்க ஒன்றியத்தின் வழியாக வேறு நாடுகளுக்குப் போயின. வயதானவர்களுக்காவது அதைக் கொடுத்திருக்கலாம் என்று அப்போது வாதாடிய நிபுணர்களும் உண்டு, நிறுத்தியது சரிதான் என்றவர்களும் உண்டு. எல்லோரும் படித்தது அதே 19-ஐயும் 23-ஐயும்தான். எண்கள் ஒன்றாக இருந்தும் முடிவு வேறானது ஏன்? எவ்வளவு அபாயத்தைத் தாங்கலாம், அடுத்த ஊசி எப்போது வரும், பலன் இல்லாத ஊசியைப் போட்டால் ஜனங்களின் நம்பிக்கை என்ன ஆகும் என்ற கணக்குகளும் அதில் கலந்திருந்தன. அவை சோதனைக்கூடத்தில் தீரும் விஷயங்கள் இல்லை. இதில் எந்தப் பக்கத்தையும் அறிவியல் விரோதி என்று சொல்ல முடியாது. நீங்கள் மண்டபத்தில் கேட்டது அந்த வாரம் சுகாதார அமைச்சகத்துக்குள் கேட்கப்பட்ட அதே கேள்வி.

டாக்டர் பக்கமும் கொஞ்சம் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு ஜூன், ஜூலையில் டெல்டா அலை அடித்தபோது வார்டில் நின்றவர்களுக்கு, ஊசி பற்றிய ஒவ்வொரு கேள்வியும் ஒரு சாவைப் போலக் கேட்டிருக்கும். கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் கோபத்தில் சூட்டும் பெயர் வேலை மிச்சம் பண்ணிக் கொடுத்துவிடுகிறது. பெயர் சூட்டியாயிற்று என்றால் பதில் சொல்ல வேண்டியதில்லை அல்லவா? இந்தப் பழக்கத்தில் எனக்குப் பிடிக்காத அம்சம் இதுதான்.

அப்படியானால் அந்தப் பெயருக்கு உரியவர் உலகத்தில் யாருமே இல்லையா? இருக்கிறார்கள். அதை நமக்குச் சொல்லிக்கொடுக்க வெளிநாடு போக வேண்டியதில்லை, இதே டர்பன் போதும்.

தாபோ எம்பெக்கி ஜனாதிபதியாக வந்த புதிதில் எய்ட்ஸ் பற்றிச் சில கேள்விகள் கேட்டார். மேற்கு நாடுகளில் ஒரு விதமாகப் பரவும் நோய் ஆப்பிரிக்காவில் ஏன் வேறு விதமாகப் பரவுகிறது? வறுமைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லையா? என் கணக்கில் இவை நல்ல கேள்விகள். இரண்டாவதற்கு, சம்பந்தம் உண்டு என்பதே பதில். 2000-ல் அவர் ஒரு ஆலோசனைக் குழுவை அமைத்தார். எச்ஐவிதான் எய்ட்ஸுக்குக் காரணம் என்பவர்களோடு, இல்லை என்று மறுப்பவர்களையும் அதில் உட்கார வைத்தார். இதுவரைக்கும்கூட அவசரப்பட்டு ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

பதில் வந்தது. அதே ஆண்டு ஜூலையில், டர்பனில் சர்வதேச எய்ட்ஸ் மாநாடு தொடங்குவதற்குச் சில நாள் முன்னால், 5,000-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் மருத்துவர்களும் கையெழுத்திட்ட ‘டர்பன் பிரகடனம்’ நேச்சர் இதழில் வெளியானது. எச்ஐவிதான் காரணம், ஆதாரம் தெளிவாக இருக்கிறது என்றது அது. அந்தப் பிரகடனத்துக்கு இடம் குப்பைத்தொட்டிதான் என்று ஜனாதிபதியின் செய்தித் தொடர்பாளர் சொன்னார். ஜூலை 9 அன்று கிங்ஸ்மீட் மைதானத்தில் தொடக்க விழா. ஜனாதிபதி வறுமையைப் பற்றிப் பேசினார். அதே மேடையில் என்கோசி ஜான்சன் என்ற 11 வயதுப் பையன், பிறப்பிலேயே எச்ஐவி வந்தவன், கர்ப்பிணித் தாய்மார்களுக்கு மருந்து கொடுங்கள் என்று கேட்டான். அடுத்த ஆண்டு ஜூன் 1 அன்று 12 வயதில் இறந்துபோனான்.

அவன் கேட்ட மருந்து என்ன என்பதை இன்றைய இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டும். பிரசவ வலி தொடங்கியதும் தாய்க்கு நெவிராபின் 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்று. பிறந்து 72 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு அதே மருந்து சிரப்பாக, எடைக்குத் தகுந்த சிறு அளவு, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து வாயில் விடுவது. அவ்வளவுதான். உகாண்டாவில் நடந்த சோதனையின் முடிவு 1999-லேயே வந்துவிட்டது. பிரசவ வலியின்போது தாய்க்கும், பிறந்த பிறகு ஒரு வாரம் குழந்தைக்கும் வேறொரு மருந்து, ஏஇசட்டி, கொடுத்த பக்கம் சுமார் 25 சதவீதக் குழந்தைகளுக்குக் கிருமி தொற்றியது, நெவிராபின் கொடுத்த பக்கம் 13 சதவீதம். கம்பெனி 5 வருஷத்துக்கு இலவசமாகத் தருகிறேன் என்றது. அரசோ மாகாணத்துக்கு இரண்டு வீதம் நாடு முழுவதும் 18 இடங்களில் மட்டும் கொடுத்துப் பார்ப்போம் என்று நிறுத்திக்கொண்டது. மற்ற அரசு மருத்துவமனைகளில் டாக்டர் விரும்பினாலும் எழுத முடியாது. ரேடியோவில் கேட்டுவிட்டு, நிறைமாத வயிற்றோடு என் ஜன்னலுக்கு வந்து பெயரைச் சரியாக உச்சரித்துக் கேட்ட பெண்கள் உண்டு. அவர்களுக்கு நான் எடுத்துக் கொடுத்தது இரும்புச்சத்து மாத்திரையும் ஃபோலிக் ஆசிடும்.

நெவிராபின் பற்றி அரசு எழுப்பிய ஆட்சேபங்கள் எல்லாம் பொய் இல்லை. ஒரே ஒரு டோஸ் வாங்கிய தாயின் உடம்பில் அந்த மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகலாம் என்பது உண்மை. நீண்ட நாள் சாப்பிட்டால் ஈரலைப் பாதிக்கலாம் என்பதும் உண்மை. பிற்காலத்தில் ஒற்றை டோஸ் முறையைக் கைவிட்டுக் கூட்டு மருந்துக்கு மாறியதற்கு இதுவும் ஒரு காரணம். எங்கள் டாக்டர்களும் இதையேதான் பேசினார்கள். ஆனால் அவர்கள், “இந்தக் குறை இருக்கிறது, அதனால் கூட இன்னொரு மருந்தைச் சேர்ப்போம்” என்றார்கள். மேலே இருந்தவர்கள், “இந்தக் குறை இருக்கிறது, அதனால் பொறுத்திருப்போம்” என்றார்கள். பொறுத்திருந்த நாளெல்லாம் பிரசவம் நடந்துகொண்டுதான் இருந்தது.

அரசின் நடத்தையை எனக்கு அடையாளம் காட்டியது வேறொன்று. நெவிராபினுக்கு ஆதாரம் போதாது, இன்னும் சோதிக்க வேண்டும் என்ற அதே சுகாதார அமைச்சர் மான்டோ ஷபலாலா-ம்சிமாங், பூண்டு, பீட்ரூட், எலுமிச்சை, ஆப்பிரிக்கக் கிழங்கு ஆகியவற்றுக்கு எந்தச் சோதனையும் கேட்கவில்லை. 2006-ல் டொரன்டோ எய்ட்ஸ் மாநாட்டில் நம் நாட்டு அரங்கிலேயே பூண்டையும் பீட்ரூட்டையும் பரப்பி வைத்தார்கள். அதற்கும் முன்னால், 1997-ல், எய்ட்ஸுக்கு மருந்து என்று விரோடின் என்ற ஒன்றை மந்திரிசபைக்கே கொண்டுவந்து காட்டினார்கள். டைமெத்தில் ஃபார்மமைடு என்ற தொழிற்சாலைக் கரைப்பான்தான் அதில் இருந்த சரக்கு. ஒழுங்கான சோதனை எதுவும் நடக்காத அதற்கு மந்திரிசபையில் வரவேற்பு கிடைத்தது. அனுமதி மறுத்தது மருந்துக் கட்டுப்பாட்டுக் குழுதான். வாங்குவதற்கு ஒரு படி, விற்பதற்கு ஒரு படி என்று வைத்திருக்கும் கடைக்காரரை எடை தெரியாதவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பிடிக்காத மருந்துக்கு வானளவு ஆதாரம், பிடித்ததற்கு வாய்வார்த்தை போதும் என்பது நான் அறிந்தவரை மிக உறுதியான அடையாளம். பதில் வந்த பிறகும் அதே கேள்வியைப் புதிதாகக் கேட்பதுபோலத் திரும்பத் திரும்பக் கேட்பது இன்னொன்று. இரண்டும் ஆண்டுக்கணக்கில் நீடித்து, கையில் அதிகாரமும் இருந்தால், அந்தப் பெயரைச் சொல்ல நான் தயங்கமாட்டேன். அந்தக் காலத்து நம் சுகாதார அமைச்சகத்தைச் சொல்வேன்.

ஆனாலும் பாருங்கள், அந்தப் பிரச்சினை தீர்ந்தது பெயர் சூட்டியதால் இல்லை. ட்ரீட்மென்ட் ஆக்‌ஷன் கேம்பெய்ன் என்ற, எச்ஐவி நோயாளிகளுக்கு மருந்து கேட்டுப் போராடிய அமைப்பு வழக்குப் போட்டது. 2002 ஜூலை 5 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஜனாதிபதி எதை நம்புகிறார் என்ற ஆராய்ச்சிக்குள் நீதிபதிகள் போகவில்லை. மருந்து பலன் தருமா, கிருமி அடங்காமல் போகுமா, பாதுகாப்பானதா, கொடுக்க வசதி இருக்கிறதா என்று அரசு சொன்ன நாலு காரணங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்கள். சாசனத்தின் 27-ஆம் பிரிவுப்படி இந்தக் கட்டுப்பாடு நியாயமானதில்லை, நீக்குங்கள் என்றார்கள். வாதம் செய்கிறவர்கள் அந்தத் தீர்ப்பின் நடையை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

இங்கே எது நிச்சயம், எது ஐயம் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். மருந்து தாமதமானதும், அதனால் தவிர்த்திருக்கக் கூடிய சாவுகள் நிகழ்ந்ததும் நிச்சயம். 2000 முதல் 2005 வரை 3,30,000-க்கும் மேற்பட்ட உயிர்கள் என்று ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2008-ல் சொன்னது மதிப்பீடு. இவ்வளவு வேகத்தில் மருந்து கொடுத்திருக்கலாம் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. வேகத்தை மாற்றினால் எண்ணும் மாறும். எம்பெக்கியின் மனதில் என்ன இருந்தது என்பது இன்னும் ஐயம். மேற்கு நாடுகள் கறுப்பர்களைக் கேவலமாகப் பேசிய பழைய கதைகளின் காயமா, மருந்துக் கம்பெனிகள் மேல் கோபமா, படித்தவரின் பிடிவாதமா? எனக்கு அது தேவையும் இல்லை. நோக்கம் தெரிந்தால்தான் நடத்தையைக் குறை சொல்ல முடியும் என்றில்லை.

பெரும்பான்மைக்கு எதிராக நின்றாலே அறிவியல் விரோதி என்று நினைப்பவர்களுக்கு நம் நாட்டிலேயே ஒருவரைக் காட்டலாம். கேப் டவுன் பேராசிரியர் டிம் நோக்ஸ். டர்பனுக்கும் பீட்டர்மரிட்ஸ்பர்க்குக்கும் நடுவே ஓடும் காம்ரேட்ஸ் ஓட்டத்தைப் பார்க்காத ஆள் இங்கே இருக்கமாட்டார். தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடி, எவ்வளவு முடியுமோ அவ்வளவு குடி என்று ஓட்டக்காரர்களுக்கு உலகமே சொல்லிக்கொண்டிருந்தது. மிதமிஞ்சித் தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி ஆளே மயங்கி விழலாம் என்று அவர் 1985-லேயே நோயாளிகளைக் காட்டி எழுதினார். பானக் கம்பெனிகளுக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் அவர் சொன்னதே நின்றது. அதே மனிதர் பிறகு மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் உணவு முறைக்கு மாறினார். தான் முன்பு எழுதிய உணவு அத்தியாயத்தைக் கிழித்துப் போடுங்கள் என்றார். 2014-ல் ஒரு தாய்க்குக் குழந்தை உணவு பற்றி ட்விட்டரில் பதில் சொன்னதற்காக மருத்துவத் தொழில் கவுன்சில் அவரை விசாரித்தது. 2017 ஏப்ரலில் குற்றமில்லை என்று முடிவு. மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. அவர் சொன்ன உணவு முறை சரி என்று அந்தத் தீர்ப்புக்கு அர்த்தமில்லை. ரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்த அது சிலருக்கு உதவுகிறது என்பதில் எனக்குச் சந்தேகம் குறைவு. நீண்ட காலத்தில் இதயத்துக்கு நல்லதா என்பதில் நிறையச் சந்தேகம். ஒரே ஆள் ஒரு விஷயத்தில் எல்லோரையும் முந்திச் சரியாக இருந்தார், இன்னொன்றில் விவாதம் இன்னும் முடியவில்லை. ஆளுக்கு முத்திரை குத்தினால் இந்த இரண்டையும் எங்கே வைப்பீர்கள்?

நம் நாட்டில் மருந்தைக் கண்டு பயப்படுகிறவர்களுக்கு அறிவு குறைவு என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். அப்படிச் சொல்பவர்களுக்கு இந்த ஊரின் வரலாறு மறந்துவிட்டது. 1980-களில் இனவெறி அரசு ‘ப்ராஜெக்ட் கோஸ்ட்’ என்ற ரகசிய ரசாயன, உயிரியல் ஆயுதத் திட்டத்தை நடத்தியது. தலைமை தாங்கியவர் ஒரு டாக்டர், வூட்டர் பாசன். கறுப்பின மக்களுக்குப் பிள்ளை பிறக்காமல் செய்யும் மருந்தைத் தேடினார்கள் என்று 1998-ல் உண்மை, நல்லிணக்க ஆணையத்தின் முன் சாட்சி சொன்னார்கள், அதுவும் அந்தத் திட்டத்தில் வேலை பார்த்த விஞ்ஞானிகளே. இதைக் கேட்டு வளர்ந்த ஒரு ஜூலு அம்மா, “இந்த ஊசிக்குள் என்ன இருக்கிறது?” என்று கேட்டால் அது அறிவியலுக்கு விரோதமா? வெள்ளைக் கோட்டுக்காரர்கள் முன்பு செய்ததை மறக்காதவர் அவர். அவருக்குத் தேவை குப்பியைக் கையில் கொடுத்து, உள்ளே இருப்பதைப் படித்துக் காட்டும் ஓர் ஆள். நான் ஜூலுவில் தட்டுத்தடுமாறியாவது அதைச் செய்வேன். பெரும்பாலானவர்கள் கேட்டுவிட்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.

2016-ல் கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவி, மேற்கத்திய அறிவியலை முழுசாகத் தூக்கி எறிந்துவிட்டு ஆப்பிரிக்கப் பார்வையில் தொடங்க வேண்டும், மாந்திரீகத்தால் மின்னலை ஏவ முடியும் என்பதை உங்கள் அறிவியல் விளக்கட்டும் என்று பேசினார். வீடியோ உலகம் சுற்றியது. அந்த வாக்கியத்தை மட்டும் எடுத்தால், ஆம், அது அறிவியலுக்கு எதிரான பேச்சுதான். ஆனால் அவர் கையில் எந்த மருந்து அலமாரியின் சாவியும் இல்லை. அமைச்சர் ஒருவருக்குக் கொடுத்த அதே பெயரை ஒரு மாணவிக்கும் கொடுத்து, இன்னும் சத்தமாகச் சிரித்தோம் என்பது எனக்கு உறுத்துகிறது.

நம் வீடுகளுக்கு வருவோம். என் பெரியம்மா வீட்டில் யாருக்காவது அம்மை போட்டால் வாசலில் சிரிங்கா இலை தொங்கும். வேம்பு கிடைக்காத ஊரில் நம் ஆட்கள் கண்டுபிடித்த மாற்று அது. வீட்டில் கறி சமைக்கமாட்டார்கள். இறங்கிய பிறகு மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். அதே பெரியம்மா பேரப்பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தார். தேதி தவறியதே இல்லை. படித்த மருமகன் ஒருவர் அவரை மூடநம்பிக்கைக்காரி என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மருமகனுக்குச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மினை நிறுத்திவிட்டுப் பாகற்காய்ச் சாறு குடித்தார். ஆனால் அவரும் வாரம் ஒருமுறை விரலைக் குத்திச் சர்க்கரையைப் பார்த்தார், 14 மில்லிமோலுக்கு மேல் (மில்லிகிராம் கணக்கில் சுமார் 250) ஏறியதும் பேசாமல் மாத்திரைக்குத் திரும்பினார். இரண்டு பேருமே விரோதிகள் இல்லை என்பேன். ஒருவர் சாமியையும் ஊசியையும் ஒன்றோடொன்று மோதவிடவில்லை. மற்றவர் தப்பான ஒன்றை முயன்றார், அளந்தார், விட்டார்.

சாறு விற்கிறவரின் கதை வேறு. வைட்டமின் மாத்திரையே எய்ட்ஸுக்கு மருந்து என்று விளம்பரம் செய்து, அனுமதி இல்லாமல் நோயாளிகளிடம் சோதனையும் நடத்திய மத்தியாஸ் ராத் என்ற வியாபாரியை 2008-ல் கேப் உயர்நீதிமன்றம் தடுத்தது. இப்படிப்பட்டவரை அறிவியல் விரோதி என்பது அவருக்குக் கௌரவம் கொடுப்பது மாதிரி, ஏதோ கொள்கைக்காரர் போல. சட்டத்தை மீறினார், தப்பான விளம்பரம் செய்தார் என்று நேராகச் சொன்னால் போதும்.

பொது விவாதத்தில் இந்தப் பெயர் பலன் தருமா? இதில் எனக்கு இரண்டு மனது. என் ஜன்னலில் திட்டு வாங்கியதால் மாத்திரை சாப்பிட்ட ஒருவரையும் நான் பார்த்ததில்லை. திட்டு வாங்கிவிட்டு அடுத்த மாதம் வராமலே போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே சமயம், ட்ரீட்மென்ட் ஆக்‌ஷன் கேம்பெய்ன்காரர்கள் அமைச்சரைப் பகிரங்கமாக, பெயர் சொல்லி, மறுப்பாளர் என்றுதான் சாடினார்கள். அது ஊரை எழுப்பியது. ஒருவேளை, மேலே இருப்பவரைப் பார்த்து, கையில் ஆதாரக் காகிதத்தோடு சொல்லும்போது அது வேலை செய்கிறது. பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து வெறும் கையோடு சொல்லும்போது செய்யவில்லை. இது என் அனுமானம்தான், ஆய்வு முடிவு இல்லை.

இப்போது உங்கள் வீடியோ. கேள்வி கேட்டதில் தப்பில்லை என்றேன். ஆனால் பேசுகிறவர் யார், எந்தச் சோதனையைச் சொல்கிறார், அப்படி ஒரு சோதனை நடந்ததா என்று பார்க்காமல் நாற்பது ஐம்பது பேருக்கு அனுப்பியது தப்பு. டாக்டரிடம் ஆதாரம் கேட்ட நீங்கள் வீடியோக்காரரிடம் கேட்கவில்லையே? நான் மேலே சொன்ன இரண்டு படிக் கணக்கு இங்கேயும் பொருந்துகிறது, சின்ன அளவில். இதற்காக உங்களை விரோதி என்று சொல்லமாட்டேன், அவசரக்காரர் என்பேன். அதே குழுவில் “நான் முன்பு அனுப்பியதைச் சரிபார்க்கவில்லை” என்று ஒரு வரி போட்டால் சரியாகிவிடும். அதைச் செய்ய மனம் வராமல் அடுத்த வீடியோவைத் தேடினீர்கள் என்றால் டாக்டர் சொன்ன பக்கம் ஓர் அடி எடுத்து வைக்கிறீர்கள்.

கடைசியாகக் கோயில் மேடை. யாரை ஏற்றுவது என்பது கமிட்டியின் விருப்பம், அதில் அறிவியலுக்கு வேலை இல்லை. உடல்நலம் பற்றிய கூட்டம் என்றால் நான் சொல்வது இது. சந்தேகம் உள்ளவர்களைத் தடுக்காதீர்கள், ஆனால் மைக்கைக் கேள்வி நேரத்தில் கொடுங்கள். அரை மணி நேரச் சொற்பொழிவுக்குக் கொடுக்காதீர்கள். பதில் சொல்பவர் மருத்துவத்தில் பயிற்சி உள்ளவராக இருக்கட்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கூடியவராகவும் இருக்கட்டும், இரண்டாவது தகுதிக்கு ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். சொன்ன பதிலை அடுத்த வாரம் பலகையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஜூலுவிலும் எழுதி ஒட்டுங்கள், அதே கேள்வி மறுபடி வந்தால் அதைக் காட்டலாம். பையில் பாட்டிலோ பவுடரோ கொண்டுவந்து கூட்டம் முடிந்ததும் வாசலில் விற்கிறவர் வந்தால், அவர் ஊசிக்கு ஆதரவாகப் பேசினாலும் எதிராகப் பேசினாலும் சரி, மேடை ஏற்றாதீர்கள்.